தொட்டிக் காலில் சிவப்பு நாடா

கடைசியாக நாங்கள் சண்டை போட்டது ஒரு கத்தரிக்கோலுக்காக.

துணி வெட்டுவதற்கென்று நான் தனியாக எடுத்து வைத்திருந்த கத்தரிக்கோல். அதை எடுத்து முந்தின நாள் அவர் கறுப்பு டேப்பை வெட்டியிருக்கிறார், மின்சாரக் கம்பியில் சுற்றுவார்களே, அந்த டேப். இரண்டு அலகும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தன.

"ஏங்க, இதைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"தொடலையே. வெட்டத்தானே செஞ்சேன்."

"இந்த வாய் மட்டும் இல்லைன்னா..."

"இந்த வாய் இல்லைன்னா எனக்கு வேலையே இல்ல. சாயங்காலம் வந்து மண்ணெண்ணெய் போட்டு நானே தொடைச்சுத் தரேன், போதுமா?"

"நம்பாதம்மா," என்றாள் மகள், வாயில் ரொட்டியோடு. "என் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடறேன்னு போன மாசம் சொன்னாரு. இன்னும் கீச்சு கீச்சுன்னுதான் போகுது."

"நீ யார் கட்சி?"

"அம்மா கட்சி. அம்மாதானே டிபன் கட்டறாங்க."

உருவம் சின்னது, காரம் பெரிது என்று அவளுக்கு மிளகு எனப் பெயர் வைத்தவர் அவர்தான். பள்ளியிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவர் அவளுடைய தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். "கதவைச் சாத்திட்டுப் போங்க, மணல் வருது," என்றேன். சாத்தினார். வெள்ளிக்கிழமை காலை அது.

எங்கள் தீவு மிகச் சின்னது. ஒரு பள்ளி, ஒரு படகுத்துறை, ஒரு மருந்துக்கடை, கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஒரு நிலையம். நிலையத்தில் நான் பம்ப் ஆபரேட்டர். அவர் பள்ளியில் ஆசிரியர். மிளகு அவருடைய வகுப்பில்தான் படித்தாள். வீட்டில் அப்பா, பள்ளியில் சார். கோபம் வந்தால் மட்டும் வீட்டிலும் சார் என்பாள்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு கடலைப் பற்றியது. புத்தகத்தில் அதற்கு ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. பனிக்கட்டி மேல் ஒரு வெள்ளைக் கரடி நின்றுகொண்டிருக்கும். பனிக்கட்டியை ஃப்ரிட்ஜில் மட்டுமே பார்த்திருந்த எங்கள் பிள்ளைகள், கரடி பாவம் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. "கரடிக்கு ஒண்ணுன்னா துடிக்குதுங்க. தன் வீட்டு வாசல் எங்க இருக்குன்னு ஒண்ணுக்கும் தெரியல," என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். அடுத்த வாரம் என் பழைய பாவாடையிலிருந்து சிவப்பு நாடாவை உருவிக்கொண்டு போனார்.

பள்ளி முற்றத்தில் உயரமான தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. நான்கு கான்கிரீட் கால்களில் நிற்கும். அதில் ஒரு காலின் அடியில் நாடாவைக் கட்டி, "இது இன்னிக்கு," என்றாராம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதை ஒரு கை அகலம் மேலே ஏற்றுவார். "இப்போ பத்து வருஷம் ஆயிடுச்சு. யார் யாருக்கு என்ன வயசு? என்ன வேலை பாக்கிறீங்க? தீவுல எது எது தண்ணிக்குள்ள போயிருக்கு?" என்பார். ஒருவன் படகு ஓட்டுவான், ஒருத்தி பல் டாக்டராக இருப்பாள். மிளகு பைலட் ஆனபோது மருந்துக்கடையின் முதல் படி தண்ணீருக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்து அதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். பைலட் ஆன சந்தோஷம்.

"பத்து வருஷத்துல ஒரு கை அகலமா ஏறிடும்?" என்று அவரிடம் கேட்டேன்.

"அவ்வளவெல்லாம் ஏறாது. பெரிசாக்கிக் காட்டினாத்தான் கண்ணுக்குத் தெரியும். மேப்புல படகுத்துறையை எவ்வளவு பெரிசா போட்டிருக்கான்? நிஜத்துல அவ்வளவா இருக்கு?"

"அப்ப பொய்தானே?"

"பொய் இல்லம்மா. பெருக்கல்."

"பசங்களுக்கு அது தெரியுமா?"

"சொல்லியிருக்கேனே."

சொல்லித்தான் இருக்கிறார். மிளகும் அதை ஒத்துக்கொண்டாள். ஆனால் காதில் விழுந்ததும் கண்ணால் பார்த்ததும் பிள்ளைகளுக்குள் ஒரே இடத்தில் போய் உட்காருவதில்லை போலிருக்கிறது.

அந்த மாதம் பரீட்சை வந்து சில வெள்ளிக்கிழமைகள் தவறிவிட்டன. விட்டதையெல்லாம் சேர்த்து வியாழக்கிழமை மாலை நாடாவை ஒரேயடியாக ஏற்றிக் கட்டினார். காற்றில் நழுவாமலிருக்க மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினார். அதற்குத்தான் என் கத்தரிக்கோல். கூட நின்று நாடாவைப் பிடித்துக்கொண்டவள் மிளகு.

அடுத்த நாள் வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. ஒரு மேகம் கிடையாது, காற்றும் இல்லை. நிலையத்தில் பம்பு திடீரென்று இழுக்க முடியாமல் திணறியது. அழுத்த மீட்டரின் முள் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. "என்னக்கா, உங்க பம்புக்கு விக்கல் எடுக்குது? யாரோ நினைக்கிறாங்க," என்று சிரித்தான் ஃபிட்டர். வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுக்க மணல். கடலுக்குள் போகும் குழாயின் வாயருகே கடல் வற்றிப் போய்விட்டது என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. சல்லடையில் ஓட்டை விழுந்திருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தோம். பேசிக்கொண்டிருக்கும்போதே கதவுக்கடியில் தண்ணீர் வந்தது. சத்தமில்லாமல், யாரோ வாளியைக் கவிழ்த்த மாதிரி. ஃபிட்டர் குழாய் உடைந்துவிட்டது என்று வால்வை மூட ஓடினான். நானும் அவன் பின்னால் ஓடி இன்னொரு வால்வை மூடினேன். கடலுக்கு வால்வு கிடையாது என்று எங்கள் இருவருக்கும் கொஞ்ச நேரம் உறைக்கவேயில்லை.

அதற்கப்புறம் நடந்தவை எனக்கு வரிசையாக நினைவில் இல்லை. சரக்குப் படகில் பள்ளிக்கு உலக உருண்டை ஒன்று வந்திருந்தது, அதை வாங்கிக்கொண்டு வர அவர் படகுத்துறைக்குப் போயிருந்தார் என்றார்கள். அலை துறையின் மேல் ஏறி வந்தது என்றார்கள். தலைமையாசிரியையான பெரிய டீச்சர் பிள்ளைகளை மாடிக்கு ஏற்றிவிட்டார், ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புகூட இல்லை என்றார்கள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு தடவையும், "அப்ப சரி, அவர் எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தேனாம். என் கொழுந்தன் படகு ஓட்டுகிறவன். அவன்தான் அண்ணனைக் கரைக்குக் கொண்டுவந்தான்.

காரியமெல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவி, மெத்தையை வெயிலில் போட்டபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வானிலை அலுவலகத்துக்காரர் தொலைபேசியில், எங்கோ வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை, நாள்கணக்கில் நடந்து இங்கே வந்து சேர்ந்தது என்றார். மரியாதையாகத்தான் பேசினார். எங்கோ அடித்த புயலுக்கு எங்கள் வீட்டு விலாசம் எப்படித் தெரிந்தது என்று கேட்க வந்து, கேட்காமல் வைத்துவிட்டேன்.

கொழுந்தன் ஒப்புக்கொள்ளவில்லை. "புயலாவது ஒண்ணாவது. துறையை நீட்டினாங்க பாருங்க அண்ணி, அன்னிக்கே சொன்னேன். முன்னாடி தூண் மேல பலகை. அலை வந்தா அடியில பூந்து போயிடும். இப்ப சுவர் மாதிரி கான்கிரீட். முட்டுது, மேல ஏறுது."

பெரிய டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "இதைத்தாம்மா அவர் சொல்லிக்கிட்டே இருந்தார். கடல் உயருது, உயருதுன்னு. நாங்கதான் பாடமா நினைச்சோம்."

மூன்று பேரும் பேசி முடித்த பிறகு மூன்றும் சரியாகத்தான் பட்டது. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் எதுவும் புரியவில்லை. மளிகை வாங்கப் போனால் நாலாவது காரணம் ஒன்று கிடைக்கும். யார் மேலாவது கோபப்பட்டால் தேவலை போலிருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

இதற்கு நடுவே மிளகு ஷூ போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்தாள். போர்வையை உதறும்போது படுக்கையெல்லாம் மணல். பையும் தலைமாட்டில். "எதுக்குடி?" என்றால், "சும்மா," என்பாள். பள்ளி திறந்தும் அவள் போகவில்லை. காலையில் வயிற்றுவலி வரும், மணி பத்தானதும் போய்விடும்.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து பள்ளிப் பக்கம் போய்ப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் முற்றத்தில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தத் தொட்டிக் கால் பக்கம் மட்டும் ஒருவரும் போகவில்லை. அங்கே ஏதோ கயிறு கட்டி வைத்தது போல் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். கிட்டே போன பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. அன்று வந்த தண்ணீர் கான்கிரீட்டில் ஒரு சேற்றுக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே அவருடைய சிவப்பு நாடா.

விரலை வைத்து அளந்து பார்த்தேன்.

"சார் ஏத்தினாரு, ஏறிடுச்சு," என்றது ஒரு குரல். சற்றுத் தள்ளி நின்றிருந்த பையனுக்கு வகுப்பில் வக்கீல் என்று பெயர். எதையும் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டான்.

"அப்படியெல்லாம் இல்லப்பா."

"அப்ப ஏன் கரெக்டா அங்கயே வந்துச்சு?"

பெரிய டீச்சர் வந்து என்னை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நாடாவைத் தொட வேண்டாம்மா. கல்வி அலுவலகத்துலருந்து வராங்க. நாடாவும் கோடும் சேர்ந்து ஒரு போட்டோ எடுக்கணுமாம். அவர் பாடத்தை எல்லாப் பள்ளியிலயும் வைக்கப் போறாங்களாம். அவருக்குப் பெருமைதானே?" என்றார். பிறகு மெதுவாக, "வேற வாத்தியார் வர்ற வரைக்கும் வெள்ளிக்கிழமை வகுப்பை மட்டும் நீ வந்து பாத்துக்கிறியா? பசங்க கேக்கிறதுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியல. உன்னைப் பாத்தா கேக்க மாட்டாங்க," என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டில் கொழுந்தன் காத்திருந்தான். "போட்டோவா? அறுத்துக் கடல்ல போடுங்க அண்ணி. இருக்கிற பசங்களையும் பயமுறுத்தி என்ன ஆகப்போவுது?"

அவன் போன பிறகு மிளகு சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நாடாவைக் கீழ இறக்கிடும்மா."

"ஏன்டா?"

"இறக்கிடு."

"அது வெறும் துணிடா. என் பாவாடை நாடா."

அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா கொஞ்சம்தான் ஏத்தினாரு. நான்தான் இன்னும் மேல, இன்னும் மேலன்னேன். எனக்கு எத்தனை வயசு ஆகுதுன்னு பாக்கறதுக்கு. அப்பா சிரிச்சிக்கிட்டே மேல கட்டினாரு."

அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்படி ஓர் அழுகையை நான் அதுவரை அவளிடம் கேட்டதில்லை. அடிபட்ட பிள்ளை அழுவது போல இல்லை, யாரோ பெரியவர்கள் அழுவது போல இருந்தது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்னென்னவோ சொன்னேன். எதுவும் அவளுக்குள் இறங்கவில்லை. கடைசியில் ஷூவோடேயே அவளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பள்ளி விட்டிருந்தது. முற்றத்தில் யாருமில்லை. டேப்பை நகத்தால் கிழித்து, நாடாவை அவிழ்த்து, காலின் அடியில், மண்ணோடு மண்ணாகக் கட்டினேன்.

"போதுமா?"

தலையாட்டினாள். திரும்பக் கடற்கரை வழியாக வந்தோம். கடல் இறங்குகிற நேரம். ஈர மணல் வெகுதூரத்துக்குப் பளபளவென்று தெரிந்தது. காலையில் மிதந்துகொண்டிருந்த சின்னப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.

"பாத்தியா!" என்றாள் மிளகு. "பாத்தியாம்மா, இறங்கிடுச்சு!"

தினமும் இறங்குகிற கடல்தான். அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று அவள் ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்கினாள். மறுநாள் வயிற்றுவலி வரவில்லை, பள்ளிக்குப் போனாள். ஆறிவிடும், இப்படியே ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து ஃபிட்டர் பள்ளியிலிருந்து என்னைப் போனில் கூப்பிட்டான். தொட்டியில் ஏதோ கசிவு என்று பார்க்கப் போயிருந்தவன்.

"அக்கா, உடனே வாங்க. உங்க பொண்ணு தலைமையில ஒரு கூட்டமே சேர்ந்து தொட்டிக் காலைச் சுத்திக் குழி தோண்டிக்கிட்டு இருக்கு. டிபன் பாக்ஸ் மூடி, ஸ்கேல், ஸ்பூன், கையில கிடைச்ச எல்லாத்தையும் வெச்சு. யாருடா தொட்டியைக் கவுக்கப் பாக்கறதுன்னு கத்துறேன், 'இல்ல அங்கிள், கடலை இறக்கறோம்'ங்கறாங்க. நாடா தரையைத் தொட்டுடுச்சாம், இன்னும் கீழ போகணும்னா பள்ளம் வேணுமாம். நல்லா இறக்கச் சொல்லுங்க, நாளைக்கு நம்ம பம்புக்குத் தண்ணியே இருக்காது!"

அவன் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் இதை யாரிடம் சொல்வது என்று திரும்பிப் பார்த்தேன்.

அன்று மாலை மிளகு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அம்மா, இறக்கினா இறங்குதுன்னா, ஏத்தினா ஏறும்தானே?"

நாடாவை இறக்கி அவளைத் தேற்றியதாக நினைத்திருந்தேன். நாடாவுக்குக் கடல் கட்டுப்படும் என்பதைத்தான் அவள் கண்ணெதிரே காட்டிக் கொடுத்திருக்கிறேன். கட்டுப்படும் என்றால் அன்று கடலைக் கூப்பிட்டது யார்? அவள் மறுபடி கணக்குக்குள் குனிந்துவிட்டாள். அன்று ஷூவைக் கழற்றவில்லை.

வெள்ளிக்கிழமை நான் வகுப்புக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமல்தான் போனேன். பெரிய டீச்சர் சொன்னது தப்பு. என்னைப் பார்த்ததும் பிள்ளைகள் இன்னும் அதிகமாகக் கேட்டார்கள்.

"மிளகம்மா, வந்து பாருங்க, குழியில தண்ணி!"

எல்லோரும் முற்றத்துக்கு ஓடினோம். ஃபிட்டர் பாதி மூடிவிட்டுப் போன குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதற்குள் சிவப்பு நாடா நனைந்து கிடந்தது. பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்த வாரம். அந்த நாட்களில் கடல் கொஞ்சம் கூடவே ஏறும்.

"மழை பெய்யல. நாங்க ஊத்தல," என்றான் வக்கீல். விரலை முக்கி நாக்கில் வைத்தான். "உப்பு. அவ்வளவு கீழ இறக்கினோம், அப்பவும் வந்திருக்கு. அதுவும் அடியிலருந்து வந்திருக்கு."

பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். மிளகு மட்டும் குழியருகே நின்றாள்.

இது எனக்குத் தெரிந்த விஷயம். எங்கள் நிலையத்தின் கிணற்றிலும் இதேதான் நடக்கும். "நம்ம கால் கீழ இருக்கிறது கெட்டியான பாறை இல்ல," என்றேன். "ஓட்டை ஓட்டையா இருக்கும், பாத்திரம் தேய்க்கிற பஞ்சு மாதிரி. கடல் ஏறும்போது அடியில இருக்கிற தண்ணியும் ஏறும். கடல் இறங்கினா அதுவும் இறங்கும். தினமும் நடக்கிறதுதான்."

"தினமுமா?" என்றான் வக்கீல். "சார் நாடா கட்டறதுக்கு முன்னாடியும்?"

"முன்னாடியும்."

"அப்ப நாடா எதுக்கு?"

"பல வருஷம் கழிச்சு எங்க இருக்கும்னு யோசிக்கிறதுக்கு."

"யோசிச்சா வருமா?"

"யோசிச்சா வராது."

"யோசிக்காம இருந்தா?"

"அப்பவும் வரும். கொஞ்சம் கொஞ்சமா. சார் சொன்னது அதைத்தான்."

"அன்னிக்கு வந்தது கொஞ்சம் கொஞ்சமாவா வந்துச்சு?" என்றாள் மிளகு.

நான் குழியைச் சுற்றி அவள் பக்கம் போனேன்.

"இல்ல," என்றேன். "அது அப்படி வரல. தூரத்துல புயல்னு ஒருத்தர் சொல்றாரு. துறையை நீட்டினதாலன்னு சித்தப்பா சொல்றாரு. கடல் உயர்ந்ததாலன்னு பெரிய டீச்சர் சொல்றாங்க. எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல மிளகு. கேட்டுப் பாத்துட்டேன், யாருக்கும் முழுசா தெரியல."

"பெரியவங்களுக்கே தெரியலையா?" என்றான் வக்கீல். அவன் முகம் தொங்கிப் போய்விட்டது.

"தெரியல. ஆனா அப்பா நாடாவை ஏத்தினதால வரல. நீ மேலன்னு சொன்னதாலயும் வரல. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்ப எதுக்கு நீ இறக்கின?"

"நீ அழுதே. எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

அவள் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தாள். நம்பிக்கைத் துரோகம் செய்தவளைப் பார்க்கிற பார்வை.

"மறுபடி ஏத்திப் பாத்துடலாமே," என்றான் வக்கீல். "மிளகம்மா சொல்றது நிஜம்னா ஏத்தினாலும் வரக்கூடாது. வந்துச்சுன்னா பொய்."

"வேணாம்டா," என்று ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். இரண்டு பேர் மாடிப்படிக்கு ஓடினார்கள். எனக்கு நிலையத்து வேலையால் நேரம் தெரியும். கடல் திரும்பி இறங்கத் தொடங்கியிருக்கும். அன்றைக்கும்தான் எனக்கு நேரம் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

மிளகு குனிந்து குழிக்குள்ளிருந்து நாடாவை எடுத்தாள். தண்ணீரைப் பிழிந்தாள். "தூக்கு," என்றாள் என்னிடம்.

தூக்கினேன். அவள் கனம் கூடியிருந்தாள், அல்லது என் கைக்குத் தெம்பு குறைந்திருந்தது. சேற்றுக் கோட்டைத் தாண்டினாள். அவர் கட்டிய இடத்தில் டேப்பின் பிசின் இன்னும் கறுப்பாக ஒட்டியிருந்தது. அதையும் தாண்டினாள். "இன்னும் மேல," என்றாள். கை எட்டும் வரைக்கும் போய் இரண்டு முடிச்சுப் போட்டாள்.

இறக்கிவிட்டேன். எல்லோரும் குழியைச் சுற்றிக் குந்திக்கொண்டோம். மாடிப்படிக்கு ஓடியவர்கள் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏறுகிறது என்றாள் ஒருத்தி. இல்லை, எறும்பு நடந்த இடம் இப்போது வெளியே தெரிகிறது என்றான் வக்கீல். அது வேறு எறும்பு என்று இன்னொருவன் சண்டைக்கு வந்தான். மிளகு இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். குழியின் ஓரத்தில் ஈர மண் முதலில் நூல் மாதிரித் தெரிந்தது, பிறகு விரல் அகலத்துக்கு.

"போகுது," என்றாள். என்னிடம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த சிறுமியிடம் சொன்னாள். "மேல கட்டியும் போகுது பாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஏன் அங்கயே கோடு வந்துச்சு?" என்று கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். இந்தத் தடவை அவள் என்னை முறைக்கவில்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சில நாட்களுக்கு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எது வேண்டுமானாலும் சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டாள். ஷூவை மட்டும் கட்டிலுக்கடியில் கழற்றி வைத்தாள். சில நாள் காலையில் அது மறுபடி காலில் இருக்கும், சில நாள் இருக்காது.

கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் தொட்டிக் காலைப் பார்த்துக் குழம்பிவிட்டார்கள். கோடு ஓரிடத்தில், நாடா அதற்கு எங்கேயோ மேலே. "இது எந்த வருஷம்?" என்று கேட்டார் கேமரா வைத்திருந்தவர். பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வக்கீலைப் பார்த்தேன். "அது கடல் வர்ற இடம் இல்ல சார். மிளகுக்குக் கை எட்டின இடம்," என்றான் அவன். அவர் கேமராவை இறக்கிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

வேறு வாத்தியார் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பு என்னிடம்தான் இருக்கிறது. பிள்ளைகள் கேட்பதில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரிந்த பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மாலைப் படகைப் பிடிக்க வேண்டும் என்று பியூன் கடைசி மணியை எப்போதும் கொஞ்சம் முந்தியே அடிப்பார். மிளகின் அப்பா வகுப்பு எடுத்த காலத்திலும் அப்படித்தான். இன்றைக்கும் முந்தித்தான் அடிக்கிறார்.